கோலமாவில் ஒரு வழி

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

ஊராட்சிக் கூடத் தரையில் கோலமாவால் எங்கள் தெருவை வரைந்து, என்ன வசதி வேண்டுமோ குறிக்கச் சொன்னார்கள். எல்லாரும் பூங்கா, விளக்கு என்று குறித்தார்கள். நான் மாவை அள்ளி, என் வீட்டிலிருந்து கடல் வரை கோடு போட்டேன். விடுதிக்காரன் மதில் கட்டி அடைத்த சந்து அது.

"பாய், அங்க செவுரு கீது," என்றார் வார்டு மெம்பர்.

"வழியிலதான் கீது. இடிங்க."

"அதான் பூங்கா வருதே, அங்க போய் குந்து பாய்."

"பூங்காவுல அலை வருமா?"

"வந்தா பேஜாரு பாய்."

எல்லாரும் சிரித்தார்கள். கோலத்தை முன்பே புகைப்படம் எடுத்துவிட்டார்களாம். என் கோடு அதில் இல்லை. மறுபடி எடுக்கச் சொன்னேன், எடுக்கவில்லை. நான் கூட்டப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை.

சுற்றிப் போனால் அரை மணி நடை. முட்டி தேய்ந்த என் மனைவி ரஹ்மத்தால் முடியாது. சந்து திறந்தால் என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்துவிடுவாள். மூன்று வருடமாக அவள் கடலைச் சத்தமாக மட்டும்தான் அறிவாள்.

"இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"எழுதிக்கினாங்க," என்று பொய் சொன்னேன்.

"அப்ப எனக்கு ஒரு செருப்பு வாங்கியாங்க."

அவள் கால் அளவு எனக்கு மறந்துவிட்டது. அவள் தூங்கிய பிறகு நூல் வைத்து அளந்துகொண்டேன்.