அதே பெயரில் ஒரு வழக்கு

மார்ச் 4

அன்புள்ள மேலீன்,

நலமா? உன் கல்யாண அழைப்பிதழ் கிடைத்தது. நீயாவது நன்றாக வாழ வேண்டுமே என்ற பயத்தில், உங்கள் மாவட்டமான டன்மோர் கவுண்டியின் கோர்ட் ஆபீசுக்குப் போன் போட்டேன். “ஒருத்தர் மேல கேஸ் இருக்கான்னு பார்க்கணும்” என்றேன். “அதுக்கு எதுக்கும்மா என்னைக் கேக்கிறீங்க? எங்க வெப்சைட்ல பேரையும் பிறந்த வருஷத்தையும் போட்டாலே வந்துடுமே” என்றாள் அங்கிருந்த பெண்.

வருஷம் எனக்கென்ன தெரியும்? அழைப்பிதழில் இருந்தபடி மாப்பிள்ளை பெயரை, கார்ல்ட்டன் ஹாப்ஸ் என்று மட்டும் தட்டினேன். மனைவியை அடித்த வழக்கு. குற்றம் உறுதி, சிறைத் தண்டனை. ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள் என்று உன்னிடம் சொன்னானா?

வேண்டாமடி. அடித்த மறுநாள் பூ வாங்கி வருவான், காலில் விழுவான். நீயும் நம்பித் தொலைப்பாய். போனில் சொல்லலாம் என்றால் உன் அத்தான் டெல்பர்ட் பக்கத்திலேயே இருக்கிறார்.

உன் அக்கா,
வெர்னா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

எனக்கு வந்த கோபத்துக்கு உன் கடிதத்தைக் கார்ல்ட்டனிடமே நீட்டினேன். அவர் முகம் செத்துப்போயிற்று. “அது எங்கப்பா” என்றார். அப்பா பெயரையே இவருக்கும் வைத்து, பின்னால் ‘ஜூனியர்’ என்று ஒட்டியிருக்கிறார்கள். அடிபட்டவள் இவரைப் பெற்றவள். “அந்த ஆளோட ஒட்டே வேணாம்னுதான் ஜூனியரை எடுத்தேன். எடுத்ததும் நானே அவராயிட்டேன் பாரு” என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

பதிலுக்குப் பதில் என்று நானும் உங்கள் கவுண்டி வெப்சைட்டைத் திறந்தேன். வேகமாக ஓட்டி அத்தான் அபராதம் கட்டியிருந்தால் உன்னைக் கேலி செய்யலாமே! உங்கள் குடும்பப் பெயரை, ஸ்ட்ரவுட் என்று தட்டினேன். விவாகரத்து மனு. கேட்டவர் வெர்னா ஸ்ட்ரவுட், எதிர்த் தரப்பு டெல்பர்ட் ஸ்ட்ரவுட். போன வருஷம் பிப்ரவரி. அடுத்த வாரமே கேட்டவரே திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று போட்டிருக்கிறது. பனியில் வழுக்கி மணிக்கட்டு ஒடிந்தது என்று நீ கட்டுப் போட்டிருந்த அதே மாதம்.

அக்கா, அந்தப் பூ யாருக்கு வந்தது? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எனக்கு மனசே ஆறவில்லை. இங்கே வந்துவிடு. கார்ல்ட்டனும் அதைத்தான் சொல்கிறார்.

மேலீன்

மார்ச் 19

மேலீன் கண்ணு,

கார்ல்ட்டனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். பெரிய பிழை செய்துவிட்டேன். நேரிலும் கேட்பேன்.

நீ பார்த்தது என்னை இல்லை. அதே பெயர்களில் வேறு யாரோ. அப்படியும் நடக்கும் என்று நீதானே எழுதினாய்.

கல்யாணம் மே மாதம்தான் என்றாலும் வெள்ளிக்கிழமையே வருகிறேன். டெல்பர்ட்டிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. இன்று பஸ் டிக்கெட் எடுத்தேன். “திரும்பி வர்றது எப்போம்மா?” என்று கவுண்டரில் கேட்டார்கள்.

“திரும்பி வர்றதா இல்ல” என்றேன்.

அக்கா