வண்டி ஆறட்டும்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். அம்மாவின் மூச்சிரைப்பு இப்போது தேவலை. அப்பாவுக்குத்தான் முழங்கால் மடங்குவதில்லை. அதனால் ஜீப்பை நான் ஓட்டுகிறேன். நம் வீட்டின் முதல் பட்டதாரி, வேலை கிடைக்கும்வரை டிரைவர். சிரிக்காதே.

மலைச்சாலை நீ போனபோது இருந்ததைவிட மோசம். ஓடை குறுக்கிடும் இடத்தில் பாறைகள் உருண்டு கிடக்கின்றன. நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் வண்டி ஏறும். அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். "படிச்ச பொண்ணே, கிளட்சை மெதுவா விடும்மா, வண்டி என்ன உனக்கு விரோதியா?" என்பார்.

உச்சியில் மலையின் அந்தப் பக்கத்து வண்டிக்குச் சரக்கை மாற்றிவிட்டுத் திரும்பிவிடுவோம். ஆனால் உடனே கிளம்ப விடமாட்டார். "வண்டி சூடாயிருக்கு, ஆறட்டும்" என்று விளிம்பில் போய் நிற்பார். போன மாதம் ஒருநாள், என்றைக்கும் வாய் திறக்காதவள் அன்று திறந்தேன். "சூடு காட்டுற முள்ளு நடுவுலதான்பா இருக்கு, சூடே இல்லையே" என்றேன். அவர் ஊற்றிய டீயைக் குடிக்காமலே வந்து ஏறிக்கொண்டார். முதல் வளைவில் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் நின்ற இடத்திலிருந்து உங்கள் ஊர் தெரிகிறது.

உன் கல்யாணத்துக்குப் பிறகு அவர் உன் பேரைச் சொன்னதில்லை. நாங்களும் வீட்டில் சொல்வதில்லை.

போன வாரம் உச்சிக்குப் போனதும் நானே முந்திக்கொண்டு, "வண்டி ரொம்பச் சூடுப்பா, நேரமாகும்" என்றேன். அவர் முள்ளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு நின்றார். பிறகு காற்றிடம் கேட்பதுபோல, "எல்லா வீடும் ஒரே தகரமா மின்னுது, எது யாருதுன்னு எப்படித் தெரியும்?" என்றார். என்னைத்தான் உனக்குத் தெரியுமே, காகிதத்தில்தான் பேசுவேன்.

இந்தச் செவ்வாய் ஏறும்போது, அப்பாவுக்குத் தெரியாமல், இதை அந்தப் பக்கத்து டிரைவர் அண்ணனிடம் கொடுத்துவிடுவேன். அதற்கு அடுத்த செவ்வாய்தான் இந்த வருடத்தின் கடைசி நடை. பனி விழுந்தால் பாதையை மூடிவிடுவார்கள்.

ஜீப்பின் பின் சீட்டில் நாம் இருவரும் போர்த்திக்கொண்டு தூங்குவோமே, அந்தச் சிவப்புப் போர்வை உன்னிடம்தானே இருக்கிறது? அந்தக் கடைசி நடையன்று காலை அதைக் கூரைமேல் விரித்துப் போடு, அக்கா. பறக்காமல் நாலு மூலையிலும் கல் வை. வண்டி ஆற எவ்வளவு நேரமானாலும் நான் அவசரப்படுத்தமாட்டேன்.

இப்படிக்கு,
போர்வையில் பாதிக்குச் சொந்தக்காரி,
உன் தங்கை