கிணற்றங்கரையில் எடுத்த படம்

மாப்ளே,

நேற்று சாயங்காலம் என் மகள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று செல்போனில் தன்னைப் படம் எடுத்தாள். முகமும் தெளிவாக இருந்தது, வெளியே அடித்த வெயிலும் தெளிவாக இருந்தது. எப்படி என்று கேட்டேன். "ஹெச்டிஆர்ப்பா, அதுவா எடுத்துக்கும்" என்றாள். போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். பிள்ளை அழுதது. என் மனைவி உடைந்ததைக் கூட்டி அள்ளினாள். யாரிடமும் பேச முடியாமல்தான் உனக்கு எழுதுகிறேன்.

அந்தப் பெயரை முதன்முதலில் உன் வாயால்தான் கேட்டேன். காதுகுத்து, கல்யாணம் என்று நம் ஸ்டூடியோ ஓடிக்கொண்டிருந்த காலம். புதுக் கேமராவோடு வந்து குதித்தாய். "ஒரே எடத்த மூணு வாட்டி எடுக்கணும் மாப்ளே. இருட்டா ஒண்ணு, சரியா ஒண்ணு, வெளிச்சமா ஒண்ணு. கேமராவே மூணையும் சேத்து ஒண்ணாக்கிரும்." கார்டில் இடம் அடைக்கும் என்று, சேர்த்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் அழித்துவிடும்படி அதில் மாற்றியும் வைத்தாய். இருட்டும் வெயிலும் ஒன்றாக விழும் இடம் வேண்டும் என்றாய். கிணறு என்று சொன்னவன் நான்.

எரியோடு ஊர்ப் பக்கம், நாம் காதுகுத்துப் படம் எடுத்துக் கொடுத்தவரின் தோட்டம். தாராளமா எடுங்க என்றார். அந்தக் கிணறு அவருக்கும் தம்பிக்கும் பொது. பங்கு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அன்று தண்ணீர் முறை தம்பியுடையது. எல்லாம் தெரிந்துதான் போனோம். தம்பியிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நமக்கு ஏன்டா தோன்றவில்லை? வழக்கில் கிடக்கிற கிணற்றுக்கு முன்னால் ஸ்டாண்டு போட்டுக் கேமரா வைத்தால், நம் பக்கத்தில் அது கோர்ட்டுக்குத்தான் என்று குழந்தைகூடச் சொல்லும்.

வெயில் சாய்ந்து முகத்தில் அடித்தது. திரை தெரியாததால் நான் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு கேமராவுக்குள் முகத்தைக் கொடுத்திருந்தேன். எதிர்க்கரையில் தம்பியின் சத்தம் கேட்டது. "யாரக் கேட்டுடா படம் புடிக்கிறீக?" அண்ணன் ஏதோ பதில் சொன்னார். மண்வெட்டி கல்லில் பட்டது. இரு மாப்ளே, வெலக்கி விட்டுட்டு வாரேன் என்று நீ ஓடினாய். கை பட்டதா, நானே அழுத்தினேனா, தெரியாது. படம் விழ ஆரம்பித்தது. மூன்றும் விழுந்து முடியும்வரை அசையக் கூடாது என்று சொல்லியிருந்தாயே. நான் அசையவில்லை. மூச்சைக்கூட விடவில்லை.

முதலில் பாறையில் மோதிய சத்தம். தண்ணீர் சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

துண்டை உருவி எறிந்துவிட்டுச் சுற்றி ஓடினேன். சுவரில்லாத கரையில் நீ இல்லை; அண்ணனும் தம்பியும் வெறுங்கையோடு நின்று, ஒருவனை ஒருவன் கைகாட்டினார்கள். என் கைக்கு எட்டியவன் தம்பி. வாயில் ரத்தம் ஒழுக ஒழுக அடித்தேன். பல் என் விரலில் ஏறியது. ஆட்கள் வந்து பிரிக்காவிட்டால் அவனையும் உள்ளே தள்ளியிருப்பேன்.

படம் இருந்தது. கிணற்றின் கடைசிப் படிவரை துல்லியம், வானத்து மேகம் துல்லியம். ஆனால் மூன்று படத்துக்குள் நகர்ந்ததெல்லாம் கரைந்துபோயிருந்தது. அண்ணனும் தம்பியும் புகை. உன் நெஞ்சில் ஒரு கை ஊன்றியிருக்கிறது, அந்தக் கைக்கு உடம்பு இல்லை. தனித்தனியாக இருந்திருந்தால் ஏதோ ஒன்றில் தள்ளியவன் முகம் இருந்திருக்கும். நீ அழிக்கச் சொல்லிவைத்ததைத்தான் கேமரா அழித்தது. அதற்காக இன்றைக்கும் உன்மேல் ஆத்திரம் வருகிறது.

ஆக, சாட்சி நான் ஒருவன்தான். சாட்சிக்குப் போகுமுன் உன் அத்தா தோல் கடையிலிருந்து ஸ்டூடியோவுக்கு வந்தார். "பாக்காததச் சொல்லிராதப்பா. எம் மகனுக்காகக்கூடச் சொல்லிராத" என்றார். சரி என்றேன். கூண்டில் ஏறித் தம்பியைக் காட்டி, இவன் தள்ளியதைக் கண்ணால் பார்த்தேன் என்றேன். அவனை அடித்து முடித்திருந்தேன் மாப்ளே. அவனாக இல்லாவிட்டால் அந்த அடிக்கு நான் என்ன பதில் சொல்வது? துண்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தண்டனை ஆனது. வெளியே அத்தா என் கையைப் பிடித்து, பாத்தியா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பார்த்தேன் அத்தா என்றேன்.

போன மாதம் அண்ணன்காரர் முருங்கைக்காய்க் கட்டோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். கும்பிட்டார். உட்கார்ந்து, குரலை இறக்கிச் சொன்னார்.

"நீங்க துண்டுக்குள்ள இருந்தீகளேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிருச்சு. நல்ல வேள, பாத்தேன்னு சொல்லிப்புட்டீக."

அவர் கழுத்தை நெரிக்க எழுந்தேன். ஆனால் அவர்தான் தள்ளினார் என்பதும் எனக்குத் தெரியாதே. தம்பி ஜெயிலுக்குப் போனால் கிணறு முழுசாகத் தனக்கு என்று நன்றி சொல்ல வந்தவராகவும் இருக்கலாம். கதவைக் காட்டினேன், போய்விட்டார். அன்றிலிருந்து எதைத் தொட்டாலும் உடைக்கிறேன்.

தம்பிக்கு மேல்முறையீடு போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை அவன் வக்கீலிடம் போய், நான் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். பொய்ச்சாட்சி என்று என்னைப் பிடித்தால் பிடிக்கட்டும். அவன் வெளியே வருவான். உன்னைக் கொன்றவன் யாரென்று பிறகு ஒருநாளும் தெரியப் போவதில்லை.

அதற்கு முன்னால் அத்தாவிடம் சொல்ல வேண்டும். அவர் அடித்தால் வாங்கிக்கொள்வேன். அடிக்காமல், உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை.