வக்கீல் இல்லாமல் வந்தவள், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு

என் பிரியமான அண்ணனுக்கு,

எதிர்த்தரப்பு வக்கீலை அண்ணன் என்று கூப்பிட எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோது அண்ணி, "நீங்க யாருங்க?" என்று கேட்டார். "அண்ணன் தோத்த கேஸு நான்தான்" என்றேன். அழுகையோடு சிரித்துவிட்டார்.

பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் நான் செக்கிங் வேலை பார்த்தேன். பின்கதவைப் பூட்டியே வைத்திருப்பார்கள். ஒரு நாள் மெஷினிலிருந்து புகை வந்ததும் மேசையை விட்டு ஓடி, பூட்டை உடைத்து எல்லோரையும் வெளியே அனுப்பினேன். மறுநாள் என்னை கேட்டிலேயே நிறுத்தினார்கள். நானே வேலையை விட்டுப் போய்விட்டதாக எழுதியிருந்தார்கள். விளாத்திகுளத்திலிருந்து பிழைக்க வந்தவளுக்கு எந்த வக்கீலைத் தெரியும்? தொழிலாளர் கோர்ட்டில் தனியாகப் போய் நின்றேன்.

முதல் நாளே நீங்கள் எழுந்து, "மனு நிலைநிற்கத்தக்கதல்ல" என்றீர்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்து வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். என்னைத் தாண்டிப் போன நீங்கள் திரும்பி வந்தீர்கள்.

"ஏனுங்க அம்மிணி அழுவறீங்க?"

"தள்ளுபடி ஆயிட்டுல்லா?"

"இல்லீங்க. நீங்க சூப்பர்வைசர், அதனால இந்தக் கோர்ட்டுக்கு வர முடியாதுன்னு நான் சொல்றேன். அவ்வளவுதானுங்க. அடுத்த வாய்தாவுல நீங்க பதில் சொல்லலாம்."

"என்ன பதில் சொல்லணும்?"

"அத நான் சொல்லக் கூடாதுங்க, நான் கம்பெனி வக்கீல். சட்ட உதவி மையத்துல கேளுங்க. ஆனா நான் பேசுனது உங்களுக்குப் புரியோணுமுங்க. புரியாதவங்ககிட்ட ஜெயிச்சா அது ஜெயிப்புங்களா?"

அடுத்த வாய்தாவில், சூப்பர்வைசர் என்றில்லாமல் 'செக்கர்' என்று போட்ட என் அடையாள அட்டையை நீதிபதியிடம் கொடுத்தேன். மனு செல்லும் என்றார்.

ஒன்றரை வருடம் கழித்து வந்த குறுக்கு விசாரணையில் நீங்கள் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. "அன்னைக்கு டேபிளை விட்டுப் போனீங்களா? ஆமாவா, இல்லையா?" நீதிபதியைப் பார்த்து, "ஐயா, போனேன்னு சொன்னா கதவத் தெறக்கப் போனேன்னும் ஆகும், வேலைய விட்டுப் போனேன்னும் ஆகும். அண்ணன் எதக் கேக்காங்க?" என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு உங்களைப் பார்த்தார். "கேள்விய மாத்திக் கேக்கறேனுங்க" என்றீர்கள். கதவைத் திறக்கத்தான் போனேன், மறுநாள் வேலைக்கு வந்தவளைக் கேட்டிலேயே நிறுத்தினார்கள் என்று நான் சொன்ன பதிலில்தான் வழக்கு திரும்பியது. வேலை திரும்பக் கிடைத்தது. கம்பெனிக்காரர்கள் உங்களைக் கோபித்தார்களா அண்ணா? கடைசிவரை நீங்கள் சொல்லவே இல்லை.

பிறகு இளம் வக்கீல்கள் கூட்டத்துக்கு என்னை அழைத்துப் போனீர்கள். "நாம பேசறது எதிர்ல நிக்கறவங்களுக்கு எப்படிக் கேக்குதுன்னு இவங்களே சொல்லட்டுமுங்க." கம்பெனிச் சீருடையில் நின்று அரைமணி நேரம் பேசினேன். முன்வரிசையில் ஒரு பெண் குனிந்தபடி எழுதிக்கொண்டே இருந்தாள்.

போன வாரம் அவளை மறுபடி பார்த்தேன். எங்கள் கம்பெனியில் வேலை பார்த்த பீகார் பெண் சுமன், வக்கீல் இல்லாமல் வழக்குப் போட்டிருக்கிறாள். எதிர்த்தரப்பில் அந்த இளம் வக்கீல். விசாரணை முடிந்ததும் அவளாகவே வந்து சுமன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று என்ன நடந்தது, அடுத்த வாய்தா என்றைக்கு என்று தாளில் எழுதிக் காட்டினாள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நான் சொல்லிக் கொடுத்தேன். சுமன் நிமிர்ந்து உட்கார்ந்து, சளைக்காமல் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். அதைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும்.

லீவு கிடைக்கிற நாளெல்லாம் கோர்ட்டுக்குப் போவேன் அண்ணா. தனியாக வருகிறவர்கள் யாரையும் தனியாக உட்கார விடமாட்டேன்.

உங்களை எதிர்த்து நின்று உங்களுக்குச் சொந்தமாகிப்போன,
தங்கச்சி மாரித்தாய்