கரும்பை மேடாக்கிய வரைபடம்

கார்த்திகை 9, செவ்வாய்.

விழுப்புரம் கூட்டத்தில் இன்று திவ்யா போட்ட வெள்ள அபாய வரைபடத்துக்குக் கைதட்டினார்கள். அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரி. வயிறு எரிய நானும் தட்டினேன்.

ஆற்றங்கரையில் ஒரு மேடு காட்டியிருந்தாள். அதனால் பின்னாலுள்ள காலனிக்குத் தண்ணீர் வராதாம். அங்கே மேடே கிடையாது, கரும்புதான். செயற்கைக்கோள் கரும்பின் தலையைத் தரையென்று அளந்திருக்கிறது, அவள் கவனிக்கவில்லை. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"மேப்பு எப்டிக்கா இருந்துச்சு?" என்றாள்.

"சூப்பர்" என்றேன்.

திண்டிவனம் பஸ் மயிலத்தைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் காலனி ஜனங்கள் நினைவுக்கு வந்தார்கள். திவ்யாவுக்குப் போன் செய்து, அது மேடில்லை, கரும்பு என்று சொன்னேன்.

"நல்லவேளை சொன்னீங்கக்கா! லேப்டாப்ப எடுத்துக்கினு இப்பவே ஆபீஸ் போறேன்" என்றாள்.

திருத்திய படத்துக்கும் நாளைக்கு அவளுக்குத்தான் கைதட்டுவார்கள். நானும் தட்டியாக வேண்டும்.