உடும்புக்குப் போட்ட பொடி

இன்று காலை என் மகள் தன் நாய்க்குட்டிக்கு உண்ணிப் பொடி வாங்கிவந்து டப்பாவைத் திறந்தாள். கற்பூரத்தில் மண்ணெண்ணெய் கலந்ததுபோல் மூக்கில் ஏறும் அதே வாசம். காபியை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். "என்னம்மா, அலர்ஜியா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். உன்னைப் பற்றி அவளிடம் எங்கே தொடங்குவது?

நீ போய் இருபத்தைந்து வருடம் ஆகிறது. செத்தவளுக்குக் கடிதமா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். எனக்கு எழுதியாக வேண்டும்.

மாடம்பாக்கத்தில் நாம் அடுத்தடுத்த மனையில் வீடு கட்டி வந்தது எண்பதுகளின் நடுவில். நம் இரண்டு வீடுகளை விட்டால் தெரு முழுக்க வேலிக்காத்தான் புதர்தான். நான் எழும்பூரில் டைப்பிஸ்ட். நீ ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாய். பாம்பு என்றால் நான் கதவைச் சாத்துவேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு பார்க்கக் கிளம்புவாய்.

நம் வேலியோரம் கிடந்த உடைந்த சிமெண்ட் குழாயில் அந்த உடும்பு குடியிருந்தது. வெயில் ஏறியதும் வெளியே வந்து குழாய்மேல் படுத்துக்கொள்ளும். எனக்கு முதலில் பயம், பிறகு பழகிவிட்டது. துணி காயப்போடும்போது, "எழுந்துட்டாரா உங்க குடித்தனக்காரர்?" என்று நான் கேட்பேன். "ஞாயித்துக்கிழமையாச்சே, லேட்டாத்தான் வருவார்" என்பாய்.

ஒரு கோடையில் அதன் கழுத்தடியிலும் தொடையிடுக்கிலும் உண்ணிகள் அப்பிக்கிடந்தன. ஒவ்வொன்றும் ஆமணக்கு விதை மாதிரி ஊதியிருந்தது. பார்க்கப் பார்க்க என் உடம்பு ஊறியது. "பாவம்டி, ஏதாவது பண்ணேன்" என்றேன். நீ வேலியில் சாய்ந்து வெகுநேரம் பார்த்தாய்.

"காட்டு ஜீவனுக்கு இதெல்லாம் சகஜம்டி. நல்லா ஓடுது, நல்லா திங்குது. நாம கையை வச்சாதான் கெட்டுப்போகும். விட்டுடு" என்றாய்.

எனக்கு விட மனமில்லை. தெருவில் போகும் குழந்தைக்கு மூக்கொழுகினால்கூட என் முந்தானையால் துடைத்துவிடுகிறவள் நான். நீ கல்லூரிக்குப் போயிருந்த ஒரு நாள் லீவு போட்டேன். உடும்பு இரை தேடப் போன நேரம் பார்த்து, எங்கள் ஜிம்மிக்கு வைத்திருந்த பொடியைக் குழாய்க்குள் கொட்டினேன். நாய்க்கு ஒரு சிட்டிகை போதும். உடும்புத் தோல் தடிமனாயிற்றே என்று அரை டப்பாவைக் கவிழ்த்து, குச்சியால் பரப்பியும் விட்டேன். புண்ணியம் செய்த திருப்தியோடு கை கழுவினேன்.

மூன்றாம் நாள் அது குழாய் வாயில் தலையை வைத்துக் கிடந்தது. வாயோரம் நுரை. கால்கள் விட்டுவிட்டு இழுத்தன. நீ குனிந்து குழாயை முகர்ந்து பார்த்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய். உனக்குத் தெரிந்துவிட்டது.

மதியத்துக்குள் செத்துப்போயிற்று. நீதான் குழி வெட்டினாய். நான் அழுதுகொண்டு நின்றேன். நீ திட்டவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி" என்றாய். மண்ணைத் தள்ளி மூடிய பிறகு, "நமக்குப் பார்க்கச் சகிக்கலைங்கறதுக்காக அதுக்கு வைத்தியம் பண்ணக்கூடாது" என்றாய்.

அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதற்கப்புறம் யார் விஷயத்திலும் வலியப்போய் நுழைவதில்லை. நான் திருந்திவிட்டதாக நீகூடக் கேலி செய்தாய்.

சில வருடம் கழித்து ஒரு நாள், லேடீஸ் கம்பார்ட்மெண்டில், பல்லாவரம் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாய்: "மார்ல ஒரு கட்டி மாதிரி இருக்குடி. வலியெல்லாம் இல்ல. கொழுப்பாத்தான் இருக்கும். எங்க வீட்ல சொல்லிடாதே."

டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். "விட்டுடு" என்றாய். அதே குரல். குழாய் வாயில் கிடந்த தலைதான் எனக்கு ஞாபகம் வந்தது. விட்டுவிட்டேன். படித்தவள், உனக்குத் தெரியாததா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். மறுபடியும் என் கையால் ஏதாவது கெட்டுவிடுமோ என்று பயந்தேன், அதுதான் நிஜம்.

ஒன்பது மாதம் தினமும் அதே ரயிலில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். நீ இளைத்தாய். ஒரு தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார ஆரம்பித்தாய். எல்லாவற்றையும் பார்த்தேன். மறுபடி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று கேன்சர் ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் கணவரைக் கேட்டபோது அவர் திருதிருவென்று விழித்தார். பாவம், அவருக்கு அந்த வாரம்தான் தெரியும். நான் வாசல் பக்கம் நகர்ந்துகொண்டேன்.

கடைசி நாட்களில் ஒரு மதியம், நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். "எனக்குப் பயமா இருந்ததுடி. நீ ஒரு அதட்டல் போட்டிருந்தா வந்திருப்பேன்" என்றாய்.

"நீதானே விட்டுடுன்னு சொன்னே..."

"நான் என்ன உடும்பாடி?" என்று சிரித்தாய்.

அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. கோபப்பட்டிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.

இப்போது நம் தெருவில் புதரே இல்லை. எப்போதாவது மதிலில் ஓர் ஓணான் தெரியும், காதோரம் செக்கச்செவேலென்று பூச்சிகளோடு. பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அதில் நீ சொன்னதுதான் சரி. அதை உன்மேல் போட்டுப் பார்த்ததுதான் என் தப்பு.

போன மாதம், வீட்டு வேலைக்கு வரும் செல்வி பெருக்கும்போது மார்பைத் தேய்த்துக்கொண்டாள். என்னவென்று கேட்டேன். "ஒண்ணியும் இல்லம்மா, சின்னக் கட்டி கீது. உடு" என்றாள். துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கத்தினேன். ஆட்டோவில் ஏற்றினேன். "இன்னாம்மா பேஜார் பண்ற, வூட்ல சோறு ஆக்கணும்" என்று வழியெல்லாம் முனகினாள்.

பரிசோதனை முடிவு வந்தது. வெறும் கொழுப்புக் கட்டி. பயமே இல்லை என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராண்டாவில் அத்தனை பேர் நடுவில் நான் வாய்விட்டு அழுதேன். செல்வி பதறிப்போய்த் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்குத்தான் ஒண்ணியும் இல்லன்னு சொல்லிட்டாங்களே, இன்னாத்துக்கும்மா அழுவுற?"

உன் பேரைச் சொன்னேன். அவளுக்கு அது யாரென்று தெரியாது.