நான் படிக்காத நான்காம் ஆண்டை நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வேதியியல் இளநிலைப் பட்டதாரி (மூன்றாண்டு),
அச்சகத்துக்கு எதிர் மாடி வீடு.

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடம்.

பொருள்: என் பெயரில் ஏறியுள்ள நான்காம் ஆண்டை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தங்களிடம் மூன்றாண்டுப் பட்டம் பெற்றவள். வெளிநாட்டில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். அங்கே நான்காண்டுப் பட்டம் வேண்டுமாம். இங்கு மூன்றாண்டே முழுப் பட்டம் என்ற விளக்கக் கடிதத்தையும் மதிப்பெண்களையும், வழக்கப்படி முத்திரையிட்ட உறையில் நேரடியாக அவர்களுக்கு அனுப்பக் கோரினேன். அனுப்பினீர்கள். உள்ளே இருந்ததை நான் பார்க்கவில்லை.

2. எனக்கு இடம் கிடைத்துவிட்டது. கூடவே, நான்காம் ஆண்டில் சிறப்பாகத் தேறியதற்குப் பாராட்டும் வந்தது. ஐயா, நான் நான்காம் ஆண்டு படிக்கவே இல்லை. பட்டம் வாங்கிய கையோடு வீட்டில் உட்கார்ந்து, படுத்த படுக்கையாகிவிட்ட என் தந்தையாரை அவர் கண்மூடும்வரை பார்த்துக்கொண்டேன். இடப்பக்கம் திருப்பினால் அவருக்கு வலிக்கும். அது எனக்கு மட்டுமே தெரியும்.

3. தங்கள் பிரிவு எழுத்தர் நான்காம் ஆண்டு விடைத்தாள்களை எடுத்துக் காட்டினார். கையெழுத்து என்னுடையதுதான். "எல்லாம் சரியாத்தானே இருக்கு? கிடைச்சதை வச்சுக்கிட்டுப் பேசாம கிளம்புங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு ஆசை எனக்கு.

4. பிறகு மனம் கேளாமல் ஆய்வகத்துக்குப் போனேன். அங்குள்ள உதவியாளர், எல்லாவற்றையும் திரும்ப வாங்காமல் ஒருவரையும் வெளியே விடாதவர். மூன்றாம் ஆண்டு முடிவில் லாக்கர் சாவியை அவர் கையிலேயே கொடுத்தேன். அவரோ என்னைக் கண்டதும், "சாவியைக் குடுக்காமலே போயிட்டியேம்மா" என்றார். மாற்றுச் சாவியால் திறந்தார். உள்ளே ஒரு வெள்ளைக் கோட்டு. ஒரு பொத்தான் மட்டும் நீல நூலில் தைக்கப்பட்டிருந்தது. வெள்ளை நூலைத் தேடச் சோம்பல்பட்டு அப்படித் தைப்பது என் பழக்கம். தொட்டுப் பார்த்தேன். கழுத்துப் பட்டையில் வியர்வை இன்னும் காயவில்லை.

5. என் தாயாரிடம் முறையிட்டேன். "நீதான் தினம் காலேஜுக்குப் போயிட்டிருந்தியேடி. அப்பாவைப் பாத்துக்க ஒரு நர்ஸம்மா வந்தாளே, தங்கமான பொண்ணு" என்றார். அவள் எப்படி இருப்பாள் என்று கேட்டேன். என் முகத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஞாபகம் வரலையே" என்றார்.

6. எனவே, அந்த நான்காம் ஆண்டை முழுவதுமாக நீக்கி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் அதைத் தெரிவிக்குமாறு பணிந்து வேண்டுகிறேன். கிடைத்த இடம் கைவிட்டுப் போகும் என்பது தெரிந்தே கேட்கிறேன். போகட்டும். அந்த ஆண்டு என் அப்பாவுக்குக் கொடுத்தது.

7. தாமதம் வேண்டாம் ஐயா. நான் எழுதாத அந்தத் தேர்வின் முதல் வினா, இப்போது விடையோடு நினைவுக்கு வருகிறது. அப்பாவுக்கு எந்தப் பக்கம் வலிக்கும் என்பதை, இம்மனுவின் இரண்டாம் பத்தியைப் படித்துத்தான் சற்றுமுன் தெரிந்துகொண்டேன்.

நாள்: இன்று, அலுவலகம் மூடும் முன்
இடம்: தங்கள் அறை வாசல் பெஞ்சு

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
அப்பாவைப் பார்த்துக்கொண்ட மகள்